மணமகள் அறையில் பாட்டு வகுப்பு

பாட்டெழுதக் கற்றுக்கொடுக்கிறவன் வேலை செய்கிறானா, உட்கார்ந்தபடியே தூங்குகிறானா என்று பக்கத்தில் நிற்கிறவர்களால் சொல்லவே முடியாது. கண்ணை மூடி உதட்டை அசைத்தால் வேலை. உதடும் நின்றுவிட்டால் தூக்கம். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு நிலை உண்டு. ஒரு வரி வரும்போல இருக்கும், வராது. பிடித்துவிடலாம்போல இருக்கும், நழுவிவிடும். அந்த நிலையிலேயே நான் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டேன். வீட்டில் கீபோர்டு சொல்லிக்கொடுப்பவர்கள், ஓவிய வகுப்பு நடத்துபவர்கள், "அது சரி, வேலைக்கு எப்ப போகப் போறீங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்டு வாயடைத்துப் போனவர்கள் எல்லோரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் விளம்பரங்களுக்கும் யூடியூப் ஆல்பங்களுக்கும் பாட்டெழுதிக்கொண்டிருந்தேன். ஆசிரியையான என் மனைவிக்குத் திருத்தணிக்கு மாற்றல் வந்தது. பீரோ, கட்டில், ஃபிரிட்ஜோடு நானும் வந்து இறங்கினேன். அவள் பள்ளிக்கூடம் போனபிறகு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில வாரம் பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் சொன்னாள்: "பாக்கறதுதான் பாக்கறீங்க, நாலு பசங்களுக்கு ஏதாவது சொல்லிக்குடுத்துகிட்டே பாருங்களேன்."

இடம் கிடைத்தது

வகுப்புக்கு இடம் தேடி அலைந்து, கடைசியில் மலையடிவாரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் மணமகள் அறை கிடைத்தது. முகூர்த்தம் இல்லாத நாட்களில் மட்டும். சுவர் முழுக்கக் கண்ணாடி. அதன் ஓரத்தில் எத்தனையோ மணப்பெண்கள் ஒட்டிவிட்டுப்போன ஸ்டிக்கர் பொட்டுகள், சிவப்பும் கறுப்பும் பச்சையுமாக. மூலையில் வாடின மல்லிகை வாசனை எப்போதும் இருக்கும். ஏசி உண்டு, ஆனால் அது மணப்பெண் வந்தால்தான் ஓடும். ஜன்னலைத் திறந்தால் மலையிலிருந்து ஒலிபெருக்கிப் பாட்டு வரும். காற்று திரும்பும்போது பாட்டும் திரும்பிப் போய்விடும், பாதி வரி மட்டும் அறையில் நிற்கும்.

இந்த அறையில் உட்கார்ந்தால் யாருக்கும் கனவு வரும் என்று எனக்குத் தோன்றியது. மண்டப மேனேஜர் லோகநாதனுக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. "இன்னா பண்ணுவீங்க உள்ள?" என்று கேட்டார். பாட்டு எழுதக் கற்றுக்கொடுப்பேன் என்றேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "எழுதிக்கோங்க. ஆனா சத்தமா எழுதாதீங்க. கீழ சமையல்காரங்க மத்தியானத்துல தூங்குவாங்க."

தோல்விக்கு வழியில்லை

முதல் நாள் வந்தவர்களில் ஒருவன் தணிகைவேல். தலைமுறை தலைமுறையாக மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிற வீட்டுப் பையன், கல்லூரி முடித்தவன். விடியற்காலையிலேயே மலையேறி அடுப்பு மூட்டிவிட்டு, மத்தியானம் வகுப்புக்கு வருவான். உடம்பெல்லாம் நெய் வாசனை. கண்ணைத் திறந்தபடியே தூங்கும் வித்தை அவனுக்குத் தெரியும். அதனால்தானோ என்னவோ அவனை எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

பாட்டெழுத வருகிற பையன்கள் எல்லோரும் முதல் வாரம் காதல் தோல்வியைத்தான் எழுதுவார்கள். என் கட்சிக்காரர்களுக்கு இது தெரிந்ததுதான். தணிகைவேலும் எழுதினான். கல்லறை வந்தது, கண்ணீர் வந்தது, நிலா வந்து போயிற்று. "தம்பி, இதெல்லாம் உனக்கு நடந்ததா?" என்று கேட்டேன். இல்லை என்றான். "நடந்ததை எழுது, தெரிஞ்சதை எழுது" என்றேன். வெகு வருத்தமாகக் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னான்: "காதலிச்சாதானே சார் தோக்க முடியும்? எங்க வீட்ல ரெண்டுக்குமே விட மாட்டாங்க."

கேட்பதற்கு ஒரே ஆள்

இரண்டாவது வாரம் ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் ஒரு பெண் வந்தாள். பெயர் ஹேமா. டிப்ளமா முடித்தவள். புதிதாக வருகிறவர்களிடம் யாருக்காகப் பாட்டெழுத ஆசை என்று கேட்பது என் வழக்கம். சினிமாவுக்கு என்பார்கள், யூடியூபுக்கு என்பார்கள். ஹேமா, "எங்க நைனாவுக்கு" என்றாள். அந்தப் பக்கத்தில் அப்பாவை நைனா என்று கூப்பிடுகிற வீடுகள் நிறைய.

அவள் அப்பா கோவிந்தசாமி தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதம் வந்து வலதுகை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல்: 'ரைட்'. பசித்தாலும் ரைட், வலித்தாலும் ரைட், யாராவது வந்தாலும் ரைட். வேலூர் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருநாள் யாருடைய செல்போனிலோ பாட்டு கேட்டதும் இவர் கூடவே முனகுவதைக் கவனித்திருக்கிறார். சிலருக்குப் பேச்சு வருகிற வழி அடைத்துப்போனாலும் பாட்டு வருகிற வழி திறந்திருக்கும், அந்த வழியாகச் சில வார்த்தைகளை வெளியே கொண்டுவரலாம், முயற்சி செய்து பாருங்கள், உறுதி சொல்ல முடியாது என்றாராம்.

ஹேமாவுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஹாஸ்டலோடு வேலை கிடைத்திருந்தது. ஆடியில் சேரக்கூடாது என்று வீட்டில் சொன்னதால் ஆவணி பிறந்ததும் வருகிறேன் என்று அவகாசம் கேட்டு வாங்கியிருந்தாள். அம்மா தேசம்மா காலையிலேயே பவர்லூமுக்குப் போய்விடுவாள். பகலெல்லாம் அப்பா தனியாக இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அத்தை கூப்பிட்டால் வருவாள், ஆனால் எதற்கு என்று அவர் சொல்ல வேண்டுமே. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஹேமா கண்ணாடி ஓரத்துப் பொட்டு ஒன்றை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள். எனக்குப் பயமாக இருந்தது. ஊருக்கே கேட்கும்படி எழுதியிருக்கிறேன், ஒரே ஒருவருக்கு, அதுவும் வேலை செய்தே தீரவேண்டிய பாட்டை எழுதினதில்லை. அவள் சொன்னாள்: "தண்ணி வேணும், வலிக்குதுன்னு அவரா கேட்டுட்டா போதும் சார், நான் கெளம்பிடுவேன். கேக்கலன்னா அந்த வேல வேற யாருக்காவது போவட்டும்."

உப்பு சரியாக இருக்கிறது

மெட்டு முதலில் வரும், வார்த்தை பிறகு வரும். நடுவில் மெட்டு மறந்துபோகாமல் இருக்க வாய்க்கு வந்த ஏதாவது சொல்லை அளவுக்குப் பொருத்திப் பாடி வைப்போம். எங்கள் தொழிலில் அதற்கு டம்மி என்று பெயர். தையல்காரர் துணிக்கு முதலில் ஒட்டுத்தையல் போடுவாரே, அந்த மாதிரி. பிறகு பிரித்துப் போட்டுவிட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஒரு மெட்டை முனகிக் காட்டினேன். வெளியே வெயில் மயங்கிக் கிடந்தது. எல்லோருடைய உதடுகளும் கண்ணாடியில் அசைந்தன. பார்க்க அழகாக இருந்தது.

தணிகைவேலின் டம்மியில் மிளகும் சீரகமும் பெருங்காயமும் நல்லெண்ணெயும் வரிசையாக வந்தன. அளவில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பசியே வந்துவிட்டது. "அருமை. இப்ப இதை அப்படியே தூக்கிப் போட்டுட்டு நிஜ வார்த்தை எழுது" என்றேன். சொத்தைப் பிடுங்க வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான். "தூக்கிப் போடறதா? சார், இதுல உப்பு கரெக்டா இருக்குது."

முகூர்த்தம்

வைகாசியில் ஒருநாள், லோகநாதன் சொல்ல மறந்துவிட்ட ஒரு கல்யாணம் வந்தது. நாங்கள் சரணம் எழுதிக்கொண்டிருக்கிறோம், கதவைத் திறந்துகொண்டு மணப்பெண்ணும் அழகுநிலையக்காரப் பெண்ணும் நான்கைந்து சித்திகளும் உள்ளே வந்துவிட்டார்கள். பையன்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்கள். ஏசி அதுவரை எங்களுக்குக் காட்டாத குளிரைக் காட்டத் தொடங்கியது. நான் மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டு மாட்டிக்கொண்டேன்.

இங்கே என்ன நடக்கிறது என்று மணப்பெண் கேட்டாள். ஒரு கண்ணுக்கு மை போட்டாயிற்று, இன்னொரு கண்ணுக்குப் போடவில்லை. பாட்டு வகுப்பு என்றேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்து, பிறகு தன்னைப் பார்த்தாள். சித்திகள் பூவை எங்கே வைத்தோம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் ஒரு பாட்டு எழுதுங்கண்ணா. மாப்பிள்ள பேரு வேணாம், அவரப் பத்தி எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது."

தாகம்

ஹேமாவும் நானும் சேர்ந்து முதல் பாட்டை எழுதினோம். உண்மையைச் சொன்னால் நான்தான் எழுதினேன், அவள் தலையாட்டினாள். தாகம் வந்தது, மேகம் வந்தது, ஓடை வந்தது. எதுகை ஒவ்வொன்றும் மணியாக விழுந்தது. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. அன்று சாயங்காலம் மனைவியிடம் பாடிக் காட்டினேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பாட்டு முடிகிறவரை கேட்டாள். எனக்கு அது போதாதா?

ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.பேட்டைக்குப் போனோம். தெருவே பவர்லூம் சத்தத்தில் தடதடத்துக்கொண்டிருந்தது. கோவிந்தசாமி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், நரைத்த மீசை, யாரையும் உட்காரச் சொல்லுகிற பார்வை. ஹேமா பாடினாள். மரியாதையாக முழுவதும் கேட்டார். முடிந்ததும் "ரைட்" என்று சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு முகம் தொங்கிவிட்டது. டீ கொண்டுவந்த தேசம்மா என்னைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னாள்: "பாட்டு நல்லாத்தான் கீதுங்க. ஆனா இதப் பாடி முடிக்கிறதுக்குள்ள மனுசனுக்கு தாகமே போய்டும்."

பஸ் கிளம்பிவிட்டது

அடுத்த பாட்டில் மேகம் ஓடை எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம். 'தண்ணி வேணும், தண்ணி வேணும்', அவ்வளவுதான். மெட்டு மட்டும் கோவிந்தசாமிக்குப் பிடித்த மாதிரி, தாளம் போடத் தோன்றுகிற மாதிரி. ஹேமா வீட்டில் பாடினபோது இந்த முறை அவர் கூடவே பாடினாராம்! சுருதி விலகவில்லை, தாளம் தப்பவில்லை. ஆனால் தண்ணி வருகிற இடத்திலெல்லாம் ரைட் வந்தது. 'ரைட் ரைட்டே, ரைட் ரைட்டே' என்று மெட்டு முழுவதையும் பாடி முடித்துவிட்டு மகளையும் தேசம்மாவையும் பெருமையாகப் பார்த்தாராம்.

இதை ஹேமா வகுப்பில் வந்து சொன்னபோது, பாட்டே வந்துவிட்டது, நல்ல முன்னேற்றம்தான் என்றேன். அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். திரும்பினால் நாங்கள் பார்க்க மாட்டோம் என்று நினைத்தாள் போலும். அந்த அறையில் யாரும் அழுகையை மறைக்க முடியாது, சுவரே காட்டிக்கொடுத்துவிடும். தணிகைவேல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். மற்றவர்கள் பொட்டுகளைப் பார்த்தார்கள். எனக்கு அவளைச் சமாதானப்படுத்த ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. பிழைப்பே வார்த்தையாக இருக்கிறவனுக்கு அது பெரிய அவமானம். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஹேமா சொன்னாள்: "அவரு ரைட்னு சொன்னா பஸ்ஸு கெளம்பிடும் சார். நாங்க மட்டும் எறங்கின எடத்துலயே நின்னுகினு இருக்கோம்."

வாய் மட்டும் விழித்திருந்தது

ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் நமக்குத்தான் என்று நினைத்திருந்தேன். கிருத்திகையை மறந்துவிட்டேன். திருத்தணியில் இருந்துகொண்டு ஆடிக் கிருத்திகையை மறக்கிறவன் என்னைப்போல வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். வகுப்புக்கு வந்து பார்த்தால் மண்டபம் முழுக்கக் காவடிகள். சித்தூரிலிருந்தும் நகரியிலிருந்தும் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் மஞ்சள் துணியோடு தூண்தூணாகச் சாய்ந்திருந்தார்கள். ஆடிக் காற்று பெரிய கதவு வழியாக வந்து எல்லாக் காவடிகளின் மயிலிறகையும் அசைத்துவிட்டுப் போனது. பூவும் விபூதியும் வியர்வையும் கலந்த வாசனை. பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தார்கள், மீதிப் பேர் அதற்குப் பக்கத்தில் இருந்தார்கள். எங்களுக்கு நடையில் கொஞ்சம் இடம் கிடைத்தது.

ஒரு கோஷ்டியில் பம்பை அடிக்கத் தொடங்கினார்கள். முன்பாட்டுக்காரர் ஒவ்வொரு வரியையும் பாடிக்கொண்டே வந்து, கடைசிச் சொல்லை மட்டும் பாடாமல் விட்டுவிட்டுக் கூட்டத்தின் பக்கம் முகத்தை நீட்டுவார். கூட்டம் அதைச் சொல்லி முடிக்கும். எல்லா ஊரிலும் இப்படித்தான், எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் கவனிக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஹேமா என் முழங்கையை இடித்தாள். எதிர்த் தூணில் ஒருவர் தலை தொங்க, வாய் பிளந்து, நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முன்பாட்டுக்காரர் கடைசிச் சொல்லை விடும்போதெல்லாம் குறட்டையை நிறுத்தி, கண்ணைத் திறக்காமல், சரியான இடத்தில் "அரோகரா" என்று சொல்லிவிட்டுக் குறட்டையைத் தொடர்ந்தார். ஒருமுறைகூடத் தாளம் தவறவில்லை. நாங்கள் சிரித்தோம். ஹேமா சிரிக்கவில்லை. "அவரு தூங்கினுகீறாரு சார்" என்றாள், மூச்சுவாங்க. "வாய் மட்டும் முழிச்சிகினு கீது."

விட்ட இடம்

அதற்கப்புறம் எங்களுக்கு ஒரே வேலைதான். கடைசிச் சொல் இல்லாத பாட்டு. உங்களில் எழுதுகிறவர்கள் யாராவது இருந்தால் இந்தக் கஷ்டம் புரியும். ஒரு வரியில் காலியிடம் இருந்தால் எனக்குக் கை நமநமக்கும், எதையாவது போட்டு அடைத்தால்தான் தூக்கம் வரும். இப்போது நல்ல வரியாக எழுதிவிட்டு, அதன் முக்கியமான சொல்லை நானே எடுத்துவிட்டு, இன்னொருவர் வருவார் என்று காத்திருக்க வேண்டும். வருவாரா என்றும் தெரியாது. தணிகைவேல் பம்பைத் தாளத்தில் ஒரு மெட்டுப் போட்டான். அதற்குள் ஹேமாதான் வார்த்தைகளை உட்கார வைத்தாள். 'பானையில இருக்கு, ஜில்லுனு இருக்கு, நைனாவுக்கு வேணும் ஒரு சொம்புத்...' அதோடு நிறுத்தம்.

மறுபடியும் ஆர்.கே.பேட்டை. ஹேமா அப்பாவின் எதிரே உட்கார்ந்து பாடினாள், நிறுத்தினாள், முகத்தை நீட்டினாள். அவர் அவளையே பார்த்தார். ஃபேன் சுற்றுகிற சத்தமும் தெருவில் தறிச் சத்தமும் மட்டும்தான். மறுபடி பாடினாள். அவருடைய உதடு ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிந்தது. மறுபடியும் பாடி, இந்த முறை சொம்பையும் விட்டுவிட்டு, 'ஒரு' என்பதோடு நிறுத்திக்கொண்டாள். நானும் தணிகைவேலும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது கோவிந்தசாமி, தாளம் பிசகாமல், கணீரென்று, அந்தக் காலியிடத்தில் "பீடி" என்றார்.

தண்ணியும் பீடியும் ஒரே அளவுச் சொற்கள், மெட்டில் அச்சாகப் பொருந்தியது. தொழில்முறையில் என்னால் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. ஹேமா அவர் மடியில் தலையை வைத்து அழுதாள். நானும் அழுதேன், வெட்கம் என்ன. பீடியை டாக்டர் அடியோடு நிறுத்தச் சொல்லியிருந்தார். சமையற்கட்டிலிருந்து ஓடிவந்த தேசம்மாவுக்குக் கட்டிப்பிடிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை, கரண்டியை ஓங்கியபடியே மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "வாயத் தொறந்து வெச்சியே முருகா, உனக்கு மொட்ட போடறேன். ஆனா பீடி மட்டும் கெடையாது!"

ஆவணிக்கு முந்தின நாள்

பீடிக்குப் பிறகு தண்ணியும் வந்தது. வலி வந்தது, சோறு வந்தது. பக்கத்து வீட்டு அத்தையும் மெட்டைக் கற்றுக்கொண்டாள். அவள் ஜன்னல் வழியாக ஒரு வரியைப் பாடிவிட்டுக் கடைசிச் சொல்லுக்குக் காதைக் கொடுத்து நிற்பாளாம். இருந்தாலும் ஒரு குறை. யாராவது வரியைப் பாடினால்தான் அவர் முடிப்பார். தானாக ஆரம்பிக்கவில்லை. தாகம் எடுக்கிற நேரத்தில் அத்தை வலிப் பாட்டைப் பாடினால் வலி என்றுதான் சொல்லுவார். தானாகக் கேட்காத மனிதரை எப்படி விட்டுவிட்டுப் போவது? ஆடி முடிகிற அன்று ஹேமா எனக்கு போன் செய்து, போகவில்லை என்று கம்பெனிக்குச் சொல்லப்போவதாகச் சொன்னாள். அழுகை இல்லை, முடிவு செய்துவிட்ட குரல். அவசரப்படாதே என்று சொல்லிவிட்டு, தணிகைவேலையும் அழைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். போய் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. வழியெல்லாம் மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு, வராமலே இருந்தது.

கட்டிலின் மேல் பாதி அடுக்கிய பை கிடந்தது. ஹேமா கடைசியாக ஒருமுறை என்பதுபோல எல்லாப் பாட்டையும் வரிசையாகப் பாடிக்கொண்டிருந்தாள். கோவிந்தசாமி முடித்துக்கொண்டே வந்தார். திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். அதையும் முடித்தார். நான் வந்த உற்சாகத்தில் இன்னும் ஒரு சுற்று போகலாம் என்றேன். தணிகைவேல் எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துப் பம்பையாக்கினான். ஹேமா வாயைத் திறந்தாள். கோவிந்தசாமி இடதுகையைத் தூக்கினார். ஓடுகிற பஸ்ஸையே நிறுத்திய கை, தட்டுச் சத்தம் நின்றுவிட்டது. எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். தாளம் இல்லாமல், மெட்டு இல்லாமல், கல்லைப் புரட்டுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார்.

"பாட்டு... நல்லால்ல. தண்ணி... குடு."

யாரும் அசையவில்லை. மகளுக்குக் கண்ணில் நீர், எனக்கு வாயில் அடுத்த வரி, தணிகைவேலுக்குக் கையில் தட்டு. இத்தனை பேர் இருந்தும் தண்ணீர் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கோவிந்தசாமி எரிச்சலோடு "தண்ணி!" என்று கத்தினார். தேசம்மாதான் சொம்போடு ஓடிவந்தாள். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் அவர் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் அவர் மீசையைத் துடைத்துவிட்டு, கட்டிலில் கிடந்த பையை எடுத்து மகள் கையில் திணித்தாள்: "மீதித் துணிய எடுத்து வெச்சிகினு கெளம்புடி. இனிமே என் கூட சண்ட போடறதுக்கு இந்த ஊட்ல ஆளு கீது."

மறுநாள் காலை ஹேமா பஸ் ஏறிவிட்டாள். நான் எழுதின பாட்டுகளுக்கு வந்த விமர்சனங்களில் 'நல்லால்ல' என்ற இந்த ஒன்றைத்தான் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிகிறேன்.